ப்ளூஸ் ராக் குழுவின் முதல் இ.பி.: ஒத்திகை அறையிலிருந்து வெளியீடு வரை

நாங்கள் நான்கு பேர். தொடங்கியபோது மூத்தவனுக்கு 21 வயது, டிரம்ஸ் வாசிப்பவளுக்கு 17. பழைய ப்ளூஸையும் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வந்த ராக்கையும் கேட்டுக் கேட்டுக் கை பழகியவர்கள். சொந்தமாக நான்கு பாட்டு, ஒரு கவர் பாட்டு (மற்றவர் பாட்டை நாங்கள் வாசிப்பது), இவ்வளவுதான் சரக்கு. நான்கு மாதத்தில் ஒரு இ.பி. (நான்கைந்து பாட்டு கொண்ட சிறு தொகுப்பு) போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டோம். 14 மாதம் ஆனது. ஸ்டூடியோவுக்குள் இருந்த நாட்கள் மொத்தம் ஐந்துதான். மீதிக் காலத்தைத் தின்றவை கையெழுத்துகள், அனுமதிகள், தொலைந்த கோப்புகள், முன்கூட்டியே பேசாமல் விட்ட பங்குகள்.

அந்தப் பத்து மாதம் உங்களுக்கும் வீணாகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். குழு சேர்ந்துவிட்டது, ஓரிரு இடங்களில் வாசித்தும் பார்த்துவிட்டீர்கள், இனி பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழி இது. வரிசையை மாற்றாதீர்கள். நாங்கள் பட்ட சிரமம் பெரும்பாலும் வரிசையை மாற்றியதால் வந்ததே.

1. பெயர் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வையுங்கள்

பெயர் பிடித்துவிட்டது என்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. முதலில் இசைத் தளங்களில் அதே பெயரில் வேறு குழு உண்டா என்று தேடுங்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். பிறகு உங்கள் நாட்டின் வணிகச் சின்னப் பதிவேட்டில் இசை, நிகழ்ச்சி சார்ந்த பிரிவுகளில் பாருங்கள். பல நாடுகளில் இந்தப் பதிவேட்டை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். ஒரு மாலை போதும்.

அடுத்தது, குழு உடைந்தால் பெயர் யாரிடம் இருக்கும் என்ற கேள்வி. இதைக் கேட்பதற்கே சங்கடமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். 1967-ல் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக்குக்கே 1974-ல் இந்தச் சிக்கல் வந்தது. பெயர் தனக்குச் சொந்தம் என்று சொன்ன மேலாளர், வேறு ஆட்களை அதே பெயரில் அமெரிக்காவில் மேடையேற்றினார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. உங்களுக்கு ஒரு பக்கம் போதும்: பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் என்ன ஆகும், வாங்கிய பொதுக் கருவிகள் யாரிடம் இருக்கும், செலவுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும். எல்லோரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஆளுக்கொரு பிரதி.

குழுவில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும். சிறார் தனியாகப் போட்ட ஒப்பந்தத்தை அவர் பின்னால் மறுக்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. அதனால்தான் ஸ்டூடியோவும், பாட்டை இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனமும் இதைக் கேட்கும். மது பரிமாறும் அரங்குகளில் வயது வரம்பும் இருக்கும். தேதி கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் டிரம்மரை வாசலிலேயே நிறுத்திய இரவில், நாங்கள் மூன்று பேரும் வாசிக்காமலே திரும்பினோம்.

2. பாட்டு உண்மையில் உங்களுடையதா என்று சோதியுங்கள்

ப்ளூஸ் ராக் வாசிப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. நம் இசை முழுக்கக் கடன் வாங்கிக் கடன் கொடுத்து வளர்ந்தது. எது பொதுச் சொத்து, எது இன்னொருவர் வீட்டுப் பொருள் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பதிவுக்கான பணமெல்லாம் வீண்.

12 பார் அமைப்பு (நான்கு தட்டு கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்து ஒரு சுற்று) யாருக்கும் சொந்தமில்லை. ஒன்று, நான்கு, ஐந்தாம் கார்டுகளின் ஓட்டமும், துள்ளலான ஷஃபிள் நடையும், ஐந்து சுரம் கொண்ட பென்டடானிக் சுரவரிசையும், பாட்டு முடிந்து திரும்பும் இடத்தில் எல்லோரும் போடும் டர்ன்அரவுண்டும் அப்படியே. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மெட்டும் வரிகளும் அப்படியல்ல. கேட்டவுடன் இது இந்தப் பாட்டு என்று அடையாளம் தெரியும் ரிஃபும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) ஆபத்தான இடம்தான்.

வரிகளில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். பழைய ப்ளூஸ் வரிகள் மனதில் ஊறிப்போய், நாமே எழுதியது போல வாயில் வந்துவிடும். ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் எழுதி, பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1962-ல் பதிவுசெய்த ஒரு பாட்டின் வரிகளோடு ஒத்துப்போனதற்காக, லெட் செப்பலின் 1969-ல் வெளியிட்ட பாட்டின் மீது டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டை எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. அவ்வளவு பெரிய குழுவுக்கே 18 ஆண்டு கழித்தும் கணக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு பொறி, ‘இது பழைய பாட்டு, உரிமையாளர் கிடையாது’ என்ற நம்பிக்கை. ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் பதிவுசெய்தவற்றில் இரண்டை ரோலிங் ஸ்டோன்ஸ் பின்னர் பாடினார்கள். அவை பொதுவுடைமை ஆகிவிட்டன என்ற வாதத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் ஏற்கவில்லை. எழுதியவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் பதிப்புரிமை தொடர்வது உலகின் பெரும்பாலான நாடுகளில் பொது விதி. பல நாடுகளில் 70 ஆண்டு. பழைய இசைத்தட்டின் உறையில் ‘மரபுப் பாடல்’ என்று அச்சிட்டிருப்பது ஆதாரமாகாது.

எனவே ஒவ்வொரு பாட்டையும் குழுவுக்கு வெளியே உள்ள, நிறைய ப்ளூஸ் கேட்ட ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். ‘இது எதையாவது நினைவுபடுத்துகிறதா’ என்ற ஒரே கேள்வி போதும். எங்கள் இரண்டாவது பாட்டின் தொடக்க ரிஃபை ஒருவர் நான்கே நொடியில் கண்டுபிடித்துச் சொன்னார். மூன்று சுரங்களை மாற்றி, தாளத்தில் இடத்தையும் நகர்த்தினோம். இப்போது அது முன்னைவிட நன்றாக இருக்கிறது, எங்களுடையதாகவும் இருக்கிறது.

3. யார் எழுதியது என்பதைப் பதிவுக்கு முன்பே தாளில் போடுங்கள்

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள். மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று. அதை வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. முதலாவதற்குப் பங்குத்தாள் தேவை. பாட்டின் பெயர், தேதி, எழுதிய ஒவ்வொருவரின் சட்டப்பூர்வப் பெயர், சதவீதம், கையெழுத்து. கூட்டினால் சரியாக 100 வர வேண்டும்.

சிலர் எல்லாவற்றையும் நால்வருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். சிலர் வரி எழுதியவருக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பார்கள். எதுவும் தவறில்லை. ஜாம் செய்து செய்து (சேர்ந்து வாசித்துப் பார்த்தபடியே) உருவாகும் இசையில் எது யாருடைய யோசனை என்று பின்னால் பிரிக்கவே முடியாது என்பதால், சமப் பங்குதான் நல்லது என்பது என் கருத்து. நாங்கள் இதைப் பதிவு முடிந்த பிறகு பேசினோம். ஒரு பாட்டில் நடுவே வரும் பேஸ் வரியால்தான் அந்தப் பாட்டே நிற்கிறது என்று பேஸ் வாசிப்பவன் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். ஆனாலும் அதை ஒத்துக்கொள்ள எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் ஒத்திகை நடக்கவில்லை.

தாளில் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டுங்கள்.

4. கவர் பாட்டு வைக்கிறீர்களா? அனுமதியை இப்போதே தொடங்குங்கள்

ஏற்கெனவே வெளியான பாட்டை நீங்கள் புதிதாக வாசித்து வெளியிட, படைப்பின் உரிமையாளருக்கு உரிமைத்தொகை போக வேண்டும். சில நாடுகளில் இதற்குக் கட்டாய உரிமம் உண்டு; விதிப்படி அறிவித்துக் கட்டணம் கட்டினால் மறுக்க முடியாது. சில விநியோக நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகவே இதைச் செய்யும். அது ஒலி வெளியீட்டுக்கு மட்டும். காணொளியோடு சேர்ப்பதென்றால் தனி அனுமதி வேண்டும். அதற்கு உரிமையாளர் மறுக்கலாம், பதிலே போடாமலும் இருக்கலாம். வரிகளை மாற்றுவதும் இந்த உரிமத்துக்குள் வராது.

எங்கள் கவர் பாட்டின் காணொளி ஒன்பதாவது நாள் நீக்கப்பட்டது. ஒலிக்கு அனுமதி இருந்ததால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். முதல் இ.பி.யில் கவர் பாட்டைத் தவிர்த்து, அதை மேடைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மேடையில் வாசிப்பதற்கான உரிமத்தை வழக்கமாக அரங்கமே வைத்திருக்கும்.

5. ஒத்திகையை ஸ்டூடியோவுக்காகச் செய்யுங்கள்

லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டு 1968-ல் ஏறத்தாழ 36 மணி நேர ஸ்டூடியோ நேரத்தில் முடிந்ததாக அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் சொல்லியிருக்கிறார். ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய பிளாக் சாபத் தங்கள் முதல் இசைத்தட்டை 1969 அக்டோபரில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். பாட்டுகளை மேடையில் போட்டுப் போட்டு ஏற்கெனவே கெட்டிப்படுத்தியிருந்ததுதான் காரணம். ஸ்டூடியோவில் பாட்டுக்கு வடிவம் தேடினால் மணிக்கணக்கில் பணம் கரையும்.

ஒவ்வொரு ஒத்திகையையும் கைபேசியில் பதியுங்கள். மறுநாள் கேளுங்கள். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

வேகம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, சோலோ முடியும்போது எத்தனை? இந்த இசையில் சோலோவில் வேகம் கொஞ்சம் ஏறுவது இயல்பு, அழகும்கூட. ஆனால் 96-ல் தொடங்கியது 110-ல் முடிந்தால் அது அழகல்ல. கிளிக் (காதில் கேட்கும் வேகத்தட்டு) இல்லாமல் வாசிக்கப் போகிறீர்களா என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். நாங்கள் தொடக்கத்தில் நான்கு பார் மட்டும் கிளிக் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டோம். அதுவே போதுமாக இருந்தது.

நீளம். சோலோ எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 12 பார் சுற்று ஒன்று, 96 வேகத்தில் சரியாக 30 நொடி. கிட்டார் ஆறு சுற்று, ஹார்மோனிகா நான்கு சுற்று என்றால் சோலோ மட்டுமே ஐந்து நிமிடம். மேடையில் அது தாங்கும். வீட்டில் கேட்பவருக்குத் தாங்குமா என்று பதிவைக் கேட்டு நீங்களே சொல்லுங்கள்.

சுருதி. ஹென்ட்ரிக்ஸ் போல, ஸ்டீவி ரே வான் போல கம்பிகளை அரை சுரம் இறக்கி வாசிக்க ஆசை வரும். குரலுக்கும் அது இதமாக இருக்கும். இறக்குவதென்றால் ஒத்திகைக் காலம் முழுவதும் அப்படியே வாசியுங்கள். கம்பியின் கனத்தை மாற்றினால் கிட்டாரை மீண்டும் சரிசெய்யக் கொடுக்க வேண்டும். விருந்தினராக வருபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ப்ளூஸில் ஈ (E) சுருதிப் பாட்டுக்கு வழக்கமாக எடுப்பது ஏ (A) ஹார்மோனிகா. நீங்கள் ஈ ஃப்ளாட்டுக்கு இறங்கிவிட்டால் ஏ ஃப்ளாட் ஹார்மோனிகா வேண்டும். நாங்கள் இதைச் சொல்ல மறந்ததால் நண்பர் ஏ-யோடு வந்தார். சரியானது கிடைப்பதற்குள் அரை நாள் வாடகை போய்விட்டது.

ஒரு விஷயம் மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்பும் (கிட்டார் ஒலிபெருக்கி) சேர்ந்தால் அந்த அளவைத் தொடுவது எளிது. போன கேள்திறன் திரும்பி வராது.

6. ஸ்டூடியோ: எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்

கருவிப் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் வாசிக்க இடம் இருக்கிறதா, ஆம்புகளைத் தனி அறையிலோ தடுப்புக்குப் பின்னாலோ வைக்க முடியுமா, இந்த இரண்டும்தான் முக்கியம். ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே அடுக்கினால் சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. ரிதம் பகுதியை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். குரலையும் விட்டுப்போன கிட்டார் இடங்களையும் பிறகு சேர்க்கலாம்.

பெரிய ஆம்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வால்வ் ஆம்ப் தன் எல்லையை நெருங்கும்போதுதான் அந்தப் பழைய கரகரப்பு வரும். 100 வாட் ஆம்பை அறைக்குள் அந்த எல்லைவரை ஏற்ற முடியாது. 5 வாட்டோ 15 வாட்டோ போதும். முன்னால் ஒரு ஷூர் எஸ்.எம். 57 மைக் வைத்தால், பெரிய ஆம்ப் அடுக்குகளைவிடப் பருமனாகக் கேட்கும். டிஸ்டார்ஷனையும் (அந்தக் கரகரப்பு) ஒத்திகையில் வைப்பதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். பதிவில் அது இரட்டிப்பாகத் தெரியும்.

முன்பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கட்டணம் மணிக்கணக்கா நாள் கணக்கா, ஒலிப்பொறியாளரின் சம்பளம் அதற்குள் அடக்கமா, நேரம் தாண்டினால் எவ்வளவு, டிரம்ஸ் மைக் வைக்கும் நேரமும் கணக்கில் சேருமா, ரத்துசெய்தால் முன்பணம் திரும்புமா, பதிவின் உரிமை குழுவுக்கே என்று எழுதித் தருவார்களா, மூலக் கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள். வெளியாள் யாராவது வாசித்தால், ஒருமுறைக் கட்டணமா பங்கா என்று அவரிடமும் ஒரு கையெழுத்து.

ஐந்து பாட்டுக்கு நேரக் கணக்கு: டிரம்ஸ் ஒலி பிடிக்கவே மூன்று மணி நேரம், சேர்ந்து வாசிக்க இரண்டு நாள், குரலுக்கும் சேர்ப்புகளுக்கும் ஒன்றரை நாள். ஒரு பாட்டை நான்கு தடவைக்கு மேல் தொடர்ந்து வாசிக்காதீர்கள். எங்கள் ஐந்து பாட்டிலும் இறுதியில் தேர்வானது இரண்டாவதோ மூன்றாவதோ வாசிப்புதான்.

மொத்தப் பணத்தைப் பத்துப் பங்காக்கினால் எங்களுக்குப் பதிவுக்கு நான்கு, மிக்ஸிங்குக்கு (தனித்தனி ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்வது) மூன்று, மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கான கடைசி மெருகு) ஒன்று, அட்டைப்படம் வெளியீட்டுக்கு ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று ஆனது. புதுக் கம்பிகள், டிரம்ஸ் தோல்கள், கருவிகளைக் கொண்டுபோகும் வண்டி, சாப்பாடு, ஹார்ட் டிஸ்க் ஆகியவை அந்தக் கடைசிப் பங்கை முழுவதுமாக விழுங்கிவிட்டன. கம்பியையும் தோலையும் பதிவுக்கு ஓரிரு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். அன்று காலையில் மாற்றினால் சுருதி நிற்காது.

7. மிக்ஸிங், மாஸ்டரிங், கோப்புகள்

மிக்ஸிங்குக்குக் கொடுக்கும்போது இரண்டு மூன்று மாதிரிப் பாட்டுகளைக் குறிப்பிடுங்கள். எத்தனை தடவை திருத்தம் இலவசம் என்று முதலிலேயே கேளுங்கள். திருத்தங்களை நால்வரும் தனித்தனியாக அனுப்பாமல், ஒரே தாளில், நிமிடமும் நொடியும் குறித்து அனுப்புங்கள்.

மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கிறது. நசுக்கி ஏற்றிய சத்தத்தைத் தளமே இறக்கிவிடும். தாளத்தின் உதை மட்டும் காணாமல் போயிருக்கும். நம் இசையில் மெல்லிய இடமும் உரத்த இடமும் இருந்தால்தான் சுவை.

பணத்தின் கடைசித் தவணை கொடுக்கும் அன்றே இவற்றை வாங்கிவிடுங்கள்: 24 பிட் வேவ் கோப்புகளாக இறுதி மாஸ்டர், மாஸ்டருக்கு முந்தைய மிக்ஸ், குரல் இல்லாத மிக்ஸ், எல்லா டிராக்குகளின் மூலக் கோப்புகள். இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். நாங்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது இரண்டு பாட்டுகளின் மூலக் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.

8. வெளியீடு

விநியோக நிறுவனங்களில் இரண்டு வகை: ஆண்டுச் சந்தா வாங்குபவை, வருமானத்தில் பங்கு எடுப்பவை. சந்தா வகையில் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டுகள் தளங்களிலிருந்து இறக்கப்படுமா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடும் (அந்தப் பதிவின் அடையாள எண்), முழு வெளியீட்டுக்கு ஒரு பட்டைக்குறியீட்டு எண்ணும் வேண்டும். பெரும்பாலும் விநியோக நிறுவனமே தந்துவிடும். தந்ததைப் பங்குத்தாளிலேயே குறித்து வையுங்கள். நிறுவனம் மாறினாலும் அதே ஐ.எஸ்.ஆர்.சி.யைத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும். அட்டைப்படம் சதுரமாக, 3000 பிக்சலுக்கு 3000 என்ற அளவில் இருந்தால் எங்கும் ஏற்பார்கள். இணைய முகவரியோ விலையோ அதில் இருக்கக்கூடாது. படத்தை எடுத்தவரிடமும் வரைந்தவரிடமும் எழுத்து அனுமதி வாங்குங்கள்.

வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்பே பதிவேற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பரிந்துரைக்க வெளியாவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் ஒரு பாட்டைத்தான் காட்ட முடியும். சோலோ சீக்கிரம் வரும் பாட்டைக் கொடுங்கள். அதே வாரத்தில் உங்கள் நாட்டின் இசை உரிமைச் சங்கத்தில் எல்லாப் பாட்டுகளையும் பங்குத்தாளில் உள்ள அதே சதவீதத்தோடு பதியுங்கள். விநியோக நிறுவனம் இதையும் சேர்த்துச் செய்துவிடும் என்று நினைக்காதீர்கள்; படைப்புக்கான தொகை வேறு வழியில் வருவது.

இசைத்தட்டு ஆசை எல்லோருக்கும் இருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி கொண்ட 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் வரை நன்றாகக் கேட்கும். அதற்குத் தனி மாஸ்டர் வேண்டும். மாதிரித் தட்டு கைக்கு வந்து, நீங்கள் கேட்டு ஒப்புதல் சொன்ன பிறகே அச்சு தொடங்கும். எனவே ஆர்டர் கொடுத்ததிலிருந்து பல மாதம் ஒதுக்குங்கள். மாதிரியைக் கேட்காமல் யாருக்கும் தேதி சொல்லாதீர்கள்.

9. வெளியான பிறகு

முதல் நாளே ஒவ்வொரு தளத்திலும் போய், உங்கள் பாட்டு அதே பெயர் கொண்ட வேறு கலைஞரின் பக்கத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மூன்றாவது பாட்டு அப்படித்தான் போனது. திரும்பி வர 11 நாள். எழுதியவர்கள் பெயரையும் சரிபாருங்கள். முதல் கணக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அது வருவதற்குள் குழுவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துவிடுங்கள்.